மாணவர் குழுச் செயற்றிட்டமும் கூட்டுழைப்பும்: மென்பொருளாக்கக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

1

மென்பொருள் என்பது கணினிக்கு எழுதப்படும் கட்டளைகளின் தொகுதி என்றும், அதனை ஆக்குவோர் தனிப்பட்ட அறிவாற்றலால் அதனைச் சாதிக்கின்றனர் என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும் இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் பயன்படும் குறிப்பிடத்தக்க மென்பொருள் எதனை எடுத்து நோக்கினும், அது பலரது உழைப்பினால், பல ஆண்டுகளில், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்து ஆக்கியதாகவே காணப்படும். ஆகவே மென்பொருளாக்கம் ஒரு தொழினுட்பச் செயலாக இருக்கும் அதேவேளையில் ஒரு குறிப்பிட்ட உழைப்பு முறையாகவும் அமைகின்றது. வேலை எவ்வாறு பிரிக்கப்படுகின்றது, யார் தீர்மானிக்கின்றார், யார் நிறைவேற்றுகின்றார், ஆக்கப்பட்ட பொருள் யாருக்குப் பயன்படுகின்றது ஆகிய வினாக்கள் ஏனைய உற்பத்தித் துறைகளில் எழுவன போன்றே இத்துறையிலும் எழுகின்றன.

இவ்வுண்மையை ஓரளவேனும் உணர்ந்தமையினாலேயே கணினித்துறை சார்ந்த பட்டப்படிப்புகளில் குழுச் செயற்றிட்டம் இடம்பெறலாயிற்று. நான்கு அல்லது ஐந்து மாணவரைக் கொண்ட குழு ஒன்று, ஓர் அரையாண்டிலோ ஓராண்டிலோ, ஒரு முறைமையைத் திட்டமிட்டு, வடிவமைத்து, எழுதி, சோதித்து, ஒப்படைத்தல் வேண்டும் என்பதே அதன் பொது அமைப்பு. நமது நாட்டில் பாடசாலை மட்டத்திலேயே தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் முறைமை விருத்தி வாழ்க்கை வட்டம் என்ற பகுதி கற்பிக்கப்படுகின்றது. பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவன் அதன் படிநிலைகளை மனனம் செய்தே வருகின்றான். ஆயின் குழுச் செயற்றிட்டம் உண்மையில் எதனைக் கற்பிக்கின்றது? கூட்டாக உழைப்பதையா, அன்றிக் கூட்டாக உழைத்ததாகக் காட்டுவதையா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோராகிய நாம் இவ்விடயத்திலே தலையிடுவதற்கு இரு நியாயங்கள் உள. முதலாவது, வேலைப் பிரிவினை பற்றிய ஆய்வு எந்த ஒரு துறைக்கும் தனியுரிமையானதன்று. இரண்டாவது, செய்நிரல் என்பதும் ஒருவகைப் பனுவலே. அது இயந்திரத்தால் நிறைவேற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மனிதரால் வாசிக்கப்படுவது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைப் பதிவுசெய்தபோது எதிர்கொண்ட சிக்கலுக்கும், பலர் ஒரே செய்நிரலைத் திருத்துமிடத்து யார் எதனை எப்போது மாற்றினார் என்று அறியவேண்டியுள்ள சிக்கலுக்கும் இடையே ஓர் ஒப்புமை உண்டு. பின்னதற்கான கருவியாகவே 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையை உருவாக்கினார். இக்கருவியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

2

மென்பொருளாக்கம் ஒரு பொறியியலாக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்த வரலாற்றுச் சூழல் மனங்கொள்ளத்தக்கது. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ அமைப்பின் விஞ்ஞானக் குழு ஒழுங்குசெய்த மாநாட்டிலேயே 'மென்பொருட் பொறியியல்' என்ற தொடர் பரவலான கவனத்தைப் பெற்றது. பெரிய முறைமைகள் குறித்த காலத்தில் முடிவதில்லை, செலவு மதிப்பீட்டை மீறுகின்றது, முடிந்தவையும் பிழை மலிந்துள்ளன என்பதே அங்கு கூடியோரின் கவலை. 'மென்பொருள் நெருக்கடி' என அது அழைக்கப்பட்டது. இராணுவத் தேவைகளும் பெருங் கம்பனிகளின் தேவைகளுமே இந்நெருக்கடியை முன்னிறுத்தின என்பதை நாம் மறத்தலாகாது.

1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ரோய்ஸ் என்பார் எழுதிய கட்டுரையில் தேவைகளை அறிதல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, எழுதுதல், சோதித்தல், இயக்குதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவரும் படம் ஒன்று காணப்படுகின்றது. பின்னாளில் 'நீர்வீழ்ச்சி மாதிரி' எனப் பெயர்பெற்றுப் பாடநூல்களில் இடம்பிடித்தது இப்படமேயாகும். ஆனால் ரோய்ஸ் அப்படத்தை வரைந்தது அதனைப் பரிந்துரைப்பதற்கன்று. அவ்வாறு நேர்கோட்டில் செல்வது ஆபத்தானது, தோல்விக்கு வழிவகுப்பது என்று கூறி, முதலில் ஒரு மாதிரியை ஆக்கிப் பார்த்துப் பின்னரே உரிய ஆக்கத்தைச் செய்தல் வேண்டும் என அவர் வாதித்தார். அவருடைய எச்சரிக்கை மறக்கப்பட்டு, எச்சரிக்கைக்கு உள்ளான படமே விதியாகியது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட மென்பொருள் நியமம் ஏறத்தாழ இந்நேர்கோட்டு முறையையே ஒப்பந்தகாரர் மீது சுமத்தியது. கட்டந்தோறும் ஓர் ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு பணம் செலுத்தும் ஒப்பந்த முறைக்கு இம்மாதிரி வசதியானது. அறிவியல் ரீதியில் அதன் ஆசிரியராலேயே ஐயுறப்பட்ட ஒரு முறை, நிருவாக ரீதியில் நிலைபெற்றதன் காரணம் இதுவே எனலாம்.

இதே காலப்பகுதியில் வெளிவந்த மேலும் இரு கருத்துகள் நமது நோக்கத்துக்கு முக்கியமானவை. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளுக்கான இயக்க முறைமையின் ஆக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில், பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு மேலும் ஆள் சேர்ப்பது அதனை இன்னும் பிந்தச் செய்யும் என்று எடுத்துக்காட்டினார். காரணம் வெளிப்படை. ஐவர் கொண்ட குழுவில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் வழிகள் 10. பதின்மராயின் அவை 45 ஆகிவிடும். மண் சுமக்கும் வேலையைப் போன்று மனித-மாதக் கணக்கினால் இவ்வேலையைப் பங்கிட முடியாது. மற்றொரு கருத்து மெல்வின் கொன்வே 1968இல் கூறியது. ஒரு முறைமையை வடிவமைக்கும் அமைப்பினுள் தொடர்பு எவ்வாறு அமைந்துள்ளதோ, அதன் பிரதியாகவே முறைமையின் அமைப்பும் உருவாகும் என்பது அவரது வாதம். மனிதரிடையேயுள்ள உறவுகள் அவர்கள் ஆக்கும் பொருளின் உள்ளமைப்பிலே படிந்துவிடுகின்றன என்பது, மார்க்சியத்தைக் கற்றோருக்கு அந்நியமான கருத்தன்று.

3

கூட்டுழைப்பைப் பற்றிய முறையான ஆய்வை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திலே (1867) மேற்கொண்டார். அங்கு அவர் செய்யும் ஒரு வேறுபாடு நமக்கு வழிகாட்டியாக அமைகின்றது. பலர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் ஓர் இணக்கம் தேவை. தனித்து வயலின் வாசிப்பவனுக்கு வேண்டாத நெறியாளன் பல்லியக் குழுவுக்கு வேண்டியுள்ளான். இது கூட்டுழைப்பின் இயல்பிலிருந்து எழும் தேவை. ஆனால் முதலாளித்துவ உற்பத்தியில் இவ்விணக்கப் பணி, பிறருடைய உழைப்பை உறிஞ்சுவதற்கான அதிகாரத்தோடு கலந்துவிடுகின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாதவாறு இரண்டும் ஒரே மேலாளரின் உருவில் தோன்றுகின்றன. இணக்கம் வேறு, ஆதிக்கம் வேறு என்ற இவ்வுணர்வே குழுச் செயற்றிட்டத்தின் மூலம் மாணவர் பெறவேண்டிய முதற்பாடம் என்பது நமது துணிபு.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வில், இருபதாம் நூற்றாண்டின் முகாமைத்துவம் சிந்தித்தலைச் செய்தலிலிருந்து பிரித்து, முன்னதைச் சிலரிடம் குவித்து, பின்னதைத் திறனற்ற வேலையாகத் தாழ்த்தும் போக்கை விளக்கினார். பிலிப் கிராஃப்ட் 1977இல் இதே நோக்கைச் செய்நிரலர்களின் வேலைக்குப் பிரயோகித்தார். முறைமையைச் சிந்திப்போர் ஒருபுறமும், தமக்குத் தரப்பட்ட சிறு துண்டை எழுதுவோர் மறுபுறமுமாக இத்தொழில் பிளவுண்டு வருவதை அவர் சுட்டிக்காட்டினார். எல்லைகளைத் தாண்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் இன்றைய ஏற்றுமதி மென்பொருள் தொழிலைக் காணும்போது அக்கணிப்பின் வலிமை புலனாகின்றது.

எனினும் இப்பிரிவினைக்கு ஓர் எல்லை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி பீற்றர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், மென்பொருளாக்கத்தின் உண்மையான விளைபொருள் செய்நிரலோ ஆவணமோ அன்று, அதனை ஆக்கியோரின் உள்ளத்தில் உருவாகும் கோட்பாடே என்றார். இன்ன பகுதி ஏன் இவ்வாறு அமைந்தது, உலகின் எந்தத் தேவைக்கு அது விடையாகின்றது, நாளை ஒரு மாற்றம் வேண்டின் எங்கே கைவைத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அக்கோட்பாட்டில் அடங்கும். அதனை முற்றாக எழுத்திலே பெயர்த்துவைக்க முடியாது. உடனுழைத்தே பெறல் வேண்டும். ஆக்கியோர் கலைந்துவிட்டால் செய்நிரல் இருந்தும் இறந்ததாகிவிடும். பழைய இலக்கண நூல்கள் உரையாசிரியரின்றியும் ஆசிரிய மாணவ மரபின்றியும் விளங்காது போனமையை அறிந்தோர்க்கு நவுரின் கூற்று எளிதில் விளங்கும். ஆகவே சிந்தித்தலையும் செய்தலையும் முற்றாகப் பிரிக்க முயலும் முகாமைத்துவம் தான் வேண்டும் பொருளையே கெடுத்துக்கொள்கின்றது. இம்முரண்பாடு இத்தொழிலின் உள்ளேயே இருப்பது.

2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட 'அஜைல்' பிரகடனத்தை இம்முரண்பாட்டின் ஒரு வெளிப்பாடாகவே நாம் கொள்ளுதல் வேண்டும். ஆவணங்களிலும் பார்க்க இயங்கும் மென்பொருள் மேலானது, ஒப்பந்தப் பேரத்திலும் பார்க்கப் பயனாளரோடு கூடி உழைப்பது மேலானது, சிறு சிறு சுற்றுகளாக ஆக்கிப் பார்த்துத் திருத்திச் செல்வதே உகந்தது என்பன அதன் சாரம். தொழிலாளர் தம் அனுபவத்திலிருந்து எழுப்பிய நியாயமான குரல் அதில் உண்டு. ஆயின் நடைமுறையில் அதுவும் பல கம்பனிகளில் நாளாந்தக் கண்காணிப்பாகவும் வேகப்படுத்தலாகவும் திரிந்துள்ளமை கண்கூடு. ஒரு முறையின் பெயர் மட்டும் அதன் சமூக உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பதில்லை.

4

இனி, நமது வகுப்பறைகளுக்கு வருவோம். குழுச் செயற்றிட்டம் பலவிடத்தும் நடைபெறும் விதம் ஆசிரியரும் மாணவரும் நன்கறிந்ததே. தலைப்பைக் குழு தானே கற்பனை செய்துகொள்கின்றது. நூலகமொன்றுக்கோ மருந்தகமொன்றுக்கோ ஒரு முறைமை. அந்நூலகரோ மருந்தகத்தாரோ உண்மையில் இல்லை. ஐவருள் செய்நிரல் எழுத வல்ல ஒருவர், தவணை முடிவில், சில இரவுகளில் தனித்திருந்து அனைத்தையும் எழுதுகின்றார். ஏனையோர் அட்டைப்படமும் விளக்கப்படங்களும் அறிக்கையும் தயாரிக்கின்றனர். தேவைப் பகுப்பாய்வு ஆவணம் செய்நிரல் முடிந்தபின் எழுதப்பட்டு, முன்திகதி இடப்படுகின்றது. வாரந்தோறும் கூடியதாகக் கூட்டக் குறிப்புகள் ஒரே இரவில் புனையப்படுகின்றன. இதனை மாணவரின் ஒழுக்கக் குறைபாடாக மட்டும் காண்பது தவறு. முடிந்த பொருளுக்கும் ஆவணத்துக்கும் புள்ளி வழங்கி, உழைப்பின் போக்கைக் காணாது விடும் மதிப்பீட்டு முறையே இப்புனைவை உற்பத்தி செய்கின்றது.

இதன் சமூக விளைவு இன்னும் பாரதூரமானது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களின் நெற்செய்கையில் போடியார், முல்லைக்காரர் என்ற உறவை நாம் அறிவோம். நிலமும் முதலும் போடியாருடையவை. வயலிற் கிடந்து பயிரைக் காப்பவர் முல்லைக்காரர். குழுச் செயற்றிட்டத்தினுள்ளும் இத்தகைய உறவொன்று தலைகீழாக உருவாகின்றது. செய்நிரல் அறிந்தவர் அறிவின் உடைமையாளராகின்றார். ஏனையோர் அவரைச் சார்ந்து புள்ளி பெறுகின்றனர். அவர் சுமை தாங்கிச் சலிப்படைகின்றார். இவர்கள் கற்கவேண்டியதைக் கல்லாது வெளியேறுகின்றனர். மாணவியர் பெரும்பாலும் ஆவணப் பணிக்கும் மேடையிற் சமர்ப்பிக்கும் பணிக்குமே ஒதுக்கப்படும்போது, குடும்பத்திலும் சமூகத்திலும் நிலவும் பால்வழி வேலைப் பிரிவினை எவ்வித விமரிசனமுமின்றி ஆய்வுகூடத்தினுள் நுழைந்துவிடுகின்றது. கூட்டுழைப்பைக் கற்பிக்கவென ஏற்பட்ட பாடம், ஏற்றத்தாழ்வான வேலைப் பிரிவினையை இயல்பானதென ஏற்கும் மனப்பாங்கையே கற்பித்து முடிகின்றது.

இக்குறைபாடு இன்று மேலும் கூர்மையடைந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கேட்ட மாத்திரத்தில் செய்நிரலையும் அறிக்கையையும் எழுதித் தருகின்றன. முடிந்த பொருளை மாத்திரம் பார்த்துப் புள்ளி வழங்கும் முறை இனி எதனையும் அளக்காது. மனிதர் ஒருவரையொருவர் விளங்கி, பயனாளரை விளங்கி, ஒரு கோட்பாட்டைக் கூட்டாகக் கட்டியெழுப்புவது மட்டுமே கற்பிக்கவும் மதிப்பிடவும் எஞ்சியுள்ளது.

5

மாற்று வழி சாத்தியம் என்பதற்கு, நமது கரையோரத்தின் பேரழிவோடு பிணைந்த வரலாறொன்றே சான்றாகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் நிகழ்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய நெருங்கிய குடியிருப்புகள் சிதைந்தன. காணாமற் போனோர் யார், முகாம்களில் உள்ளோர் யார், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது, எங்கே எது தேவை என்பவற்றை ஒருங்குசேர்த்து அறிய வழியில்லாதிருந்தது. இந்நிலையிலேயே இலங்கையின் மென்பொருள் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ஒரு முறைமையை உருவாக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். லங்கா சொப்ற்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பு அதனைப் பொறுப்பேற்றது. அவசரத்தில் எழுந்த முதல் வடிவம் பின்னர் மீளக் கட்டப்பட்டு, எவரும் பெற்று மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்கியகார்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது.

இதன் கல்விசார் தொடர்ச்சியே நமக்கு முக்கியமானது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்ரிகற் மாநிலத்திலுள்ள ட்ரினிட்டி கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் சஹனவைத் தம் கற்றலுக்கு உரிய களமாகத் தேர்ந்தனர். தொண்டர்களைப் பதிவுசெய்து பணிகளில் ஈடுபடுத்துவதற்கான பகுதியொன்றை மாணவர் குழு எழுதியது. அது சஹனவின் ஓர் உறுப்பாக ஏற்கப்பட்டது. மனிதநேயத் தேவைகளுக்கான கட்டற்ற மென்பொருள் என்ற இத்திட்டம் பின்னர் அயலிலுள்ள கல்லூரிகளுக்கும் பரவியது. மேய்ன் மாநிலத்தின் போடொயின் கல்லூரியில் 2008இல் மாணவர் குழுவொன்று, நோயுற்ற குழந்தைகளின் குடும்பத்தினர் தங்கும் விடுதியொன்றுக்குத் தொண்டர் நேர அட்டவணை முறைமை ஒன்றை ஆக்கியது. இவ்வனுபவங்களின் அடிப்படையில் அலன் டக்கர், ரால்ப் மொரெலி, சஹனவின் முன்னோடிகளுள் ஒருவரான சமிந்திர டி சில்வா ஆகிய மூவரும் எழுதிய பாடநூல் 2011இல் வெளிவந்தது.

இங்கு மாணவர் கற்றது சாதாரணச் செயற்றிட்டத்திலிருந்து மூன்று வகையில் வேறுபட்டது. முதலாவது, பயனாளர் உண்மையானவர். அவர் திருப்தியடையாவிடின் ஆவணம் எவ்வளவு அழகாயிருப்பினும் பயனில்லை. இரண்டாவது, அவர்கள் வெற்றிடத்தில் தொடங்கவில்லை. பிறர் எழுதியதை வாசித்து விளங்கி அதனோடு இயைய எழுதவேண்டியிருந்தது; தொழிலுலகின் பெரும்பாலான வேலை இத்தகையதே. மூன்றாவது, அவர்கள் எழுதியதைப் பிறர் வாசித்துக் குறைகூறித் திருத்தினர். தவணை முடிந்த பின்னும் அது வாழ்ந்தது. ஆவணம் இங்கு புள்ளிக்கான சடங்காக இராது, அடுத்துவருபவருக்கு எழுதும் கடிதமாயிற்று.

ஆயினும் ஒரு வினா நம்மை உறுத்தாமலிராது. கிழக்குக் கரையோர மக்களின் துயரிலிருந்து பிறந்த ஒரு முறைமை, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள மாணவருக்குக் கல்விச் சாதனமாக அமைந்தது. அதனை நாம் வரவேற்கின்றோம். இக்கரையோரத்தின் மாணவரும் தம் சூழலின் தேவைகளைத் தம் கல்வியின் பொருளாக்கிக்கொள்ளுதல் வேண்டாமா?

6

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமை பெற்று, இன்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ள சம்மாந்துறை ஆகியவற்றைச் சுற்றி நோக்குவோமாயின், தலைப்புகளுக்குப் பஞ்சமிராது. உள்நாட்டுப் புறமாக இறக்காமம் குளத்தையும் வயல்களையும் அண்டியுள்ள வரிப்பத்தான்சேனையை எடுத்துக்கொள்வோம். அங்கு நெற்செய்கையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டவிதானை. எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர், யாருடைய வயல் எத்தனை ஏக்கர், போகத்தின் தொடக்கத்தில் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்பவற்றை அவர் நினைவிலும் சில தாள்களிலும் வைத்துள்ளார். இவரது வேலைக்கு உதவும் பதிவு முறைமை ஒன்றை ஆக்க ஒரு மாணவர் குழு முற்படுகின்றது எனக் கொள்வோம்.

குழு முதலில் திணைக்கள அலுவலகத்துக்குச் செல்லும். அங்குள்ள படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என ஒரு நிரல் இருக்கும். அதனை அப்படியே தரவுத்தளத்துக்குப் பெயர்த்தால், வடிவமைப்பு எளிதாக முடிந்துவிடும். ஆனால் வயலுக்குச் சென்று வட்டவிதானையோடும் விவசாயிகளோடும் இரு போகங்கள் பழகிய குழு, உறுதியில் பெயருள்ளவர் வேறு, குத்தகைக்குச் செய்பவர் வேறு, முல்லைக்காரர் வேறு என்பதை அறியும். உர மானியமோ வெள்ள நட்டஈடோ வழங்கப்படும் வேளையில், ஒரேயொரு பெயருக்கு மட்டும் இடமளிக்கும் நிரல், உண்மையில் உழுபவரைப் பதிவிலிருந்தே நீக்கிவிடும். தரவுத்தளத்தின் ஒரு நிரல் வர்க்கப் பிரச்சினையாகும் இடம் இதுவே. தேவைப் பகுப்பாய்வு என்று பாடநூல் கூறும் படிநிலை யாரிடம் கேட்கின்றோம், யாரிடம் கேளாது விடுகின்றோம் என்பதைப் பொறுத்தது. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவரும் கடைசியில் உள்ளவரும் நீரைப் பற்றி ஒரே கதையைச் சொல்வதில்லை. இதனை விரிவுரை மண்டபத்தில் கற்பிக்க முடியாது.

மற்றோர் உதாரணம் பெயர்கள். காணாமற் போனோர் பதிவேட்டில் ஒருவரைத் தேடுவதற்கு அவர் பெயர் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். ஆனால் ஒரே மனிதரின் பெயர் முகம்மது, முஹம்மத், மொஹமட் எனப் பலவாறு எழுதப்படும். ஆங்கில எழுத்துகளிலோ வேறுபாடுகள் இன்னும் பல. குடும்பப் பெயர் என்ற ஒன்றே நம்மவர் பலருக்கு இல்லை. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னிற்கின்றது. மேற்கத்தேயப் பெயர் மரபை அடியொற்றி அமைந்த படிவம் இங்கு தடுமாறும். இதனை நன்கறிந்தவர் இப்பிரதேசத்து மாணவரே. அவரது வாழ்க்கையறிவு தொழினுட்ப அறிவாக மாறும் வாய்ப்பு இத்தகைய செயற்றிட்டங்களிலே உண்டு.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கணினித் துறையின் போதனா மொழி ஆங்கிலமாக இருப்பதனால், விவசாயி தமிழிற் கூறியது ஆங்கில ஆவணமாகின்றது. அவ்வாவணத்தை அவரால் வாசித்துச் சரிபார்க்க இயலாது. வேளாண்மை, வட்டை, போகம் ஆகிய சொற்கள் சுட்டும் வேறுபாடுகள் பெயர்ப்பிலே தேய்ந்துபோகின்றன. பயனாளர் ஒப்புக்கொள்ளவேண்டிய ஆவணம் பயனாளரின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது மொழிப்பற்றினால் எழும் கோரிக்கை மட்டுமன்று. அது செய்முறையின் அடிப்படைத் தேவை. தமிழ்த் துறையும் கணினித் துறையும் கூடிச் செய்யக்கூடிய பணி ஈண்டு உண்டு.

7

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளை நாம் பெறலாம். செயற்றிட்டத்துக்கு உண்மையான பயனாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவரைக் குழு தொடர்ந்து சந்தித்தல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இயங்கும் சிறு பகுதியொன்று அவர் முன்னிலையில் வைக்கப்படல் வேண்டும். பகுப்பாய்வு, எழுதுதல், சோதித்தல், ஒருங்கிணைத்தல் ஆகிய பொறுப்புகள் சுற்று முறையில் அனைவருக்கும் வருதல் வேண்டும். எந்த மாணவியும் ஆவணத்துடன் மட்டும் நிறுத்தப்படலாகாது. ஒருவர் எழுதிய செய்நிரலை மற்றொருவர் வாசித்து ஒப்பாமல் அது சேர்க்கப்படலாகாது. இவ்வாண்டின் குழு விட்டுச் சென்றதை அடுத்த ஆண்டின் குழு பொறுப்பேற்று வளர்த்தல் வேண்டும். அவ்வாறாயின் முன்னோர் எழுதிய ஆவணத்தின் தரத்தைப் பின்னோரே தீர்ப்பர்.

மதிப்பீடும் இதற்கேற்ப மாறுதல் வேண்டும். கிட் போன்ற கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயரோடும் திகதியோடும் பதிவுசெய்கின்றது. கடைசி இரவில் எழுதப்பட்டதையும் மாதக்கணக்கில் வளர்ந்ததையும் அது வேறுபடுத்திக் காட்டும். ஆயினும் எச்சரிக்கை தேவை. வரிகளை எண்ணிப் புள்ளி வழங்கத் தொடங்கின், அதே கருவி தொழிற்சாலைக் கண்காணிப்பாளனின் கைக்கடிகாரமாகிவிடும். வாய்மொழித் தேர்வில், குழுவின் எந்த உறுப்பினரும் எந்தப் பகுதியையும் விளக்கவல்லவரா என்று கேட்பதே சிறந்தது. நவுர் கூறிய கோட்பாடு குழுவில் ஒருவரிடம் மட்டும் உள்ளதா, அனைவரிடமும் உள்ளதா என்பது அப்போது தெரியவரும். தோல்வியுற்ற முயற்சியை நேர்மையாக விளக்கும் குழுவுக்கும் உரிய இடம் இருத்தல் வேண்டும்; அஃதின்றேல் புனைவுக்கே மீண்டும் இடமளித்தவராவோம்.

இவற்றை நிறைவேற்றுவது எளிதன்று. பெருந்தொகையான மாணவர், குறைவான விரிவுரையாளர், இறுகிய தவணைக் காலம் ஆகியன நமது பல்கலைக்கழகங்களின் யதார்த்தம். விவசாயியின் நேரமும் இலவசமானதன்று; ஆண்டுதோறும் புதிய குழுக்கள் வந்து கேள்வி கேட்டு, எதனையும் தந்து செல்லாவிடின், அதுவும் ஒருவகைச் சுரண்டலே. கட்டற்ற மென்பொருளும் முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டதன்று; தொண்டராக உழைத்தோரின் ஆக்கத்தைப் பெருங் கம்பனிகள் தம் இலாபத்துக்குப் பயன்படுத்துவதை நாம் காண்கின்றோம். இன்றைய தொழில் வழங்குநர் வேண்டும் 'குழுப் பண்பு' அடங்கி நடக்கும் பண்பாகவே பெரும்பாலும் பொருள்படுகின்றது என்பதையும் மறுக்க முடியாது.

இத்தடைகளை ஒரு வகுப்பறை தனித்து நீக்கிவிடும் என நாம் கருதவில்லை. எனினும், இணக்கத்தையும் ஆதிக்கத்தையும் வேறுபடுத்தி அறிந்த, தான் எழுதும் ஒரு நிரல் யாரைப் பதிவிற் சேர்க்கின்றது, யாரை விலக்குகின்றது என்று கேட்கக் கற்ற மாணவர், நாளை எந்தக் கம்பனியிலோ திணைக்களத்திலோ அமர்ந்தாலும் அக்கேள்வியை உடன்கொண்டு செல்வர். அடுத்த பேரழிவு எங்கே, எப்போது நேரும் என்பதை நாம் அறியோம். அன்று முகாம் வாயிலில் நின்று பெயர்களைப் பதிவோரின் கையிலுள்ள முறைமை, இம்மக்களின் பெயர்களைச் சரியாக எழுத வல்லதாக இருக்குமா என்பது, இன்று ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் நாம் எதனைக் கற்பிக்கின்றோம் என்பதில் பெரிதும் தங்கியுள்ளது.